ஒரு வரி போதும், ரெண்டு பேர் வாசிக்க

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மார்களே, கோயில் திடலில் இந்நேரம் வரைக்கும் உட்கார்ந்து கேட்கும் பெரியோர்களே, வணக்கமுங்க.

'இரண்டு தாளக் கலைஞர்கள் சேர்ந்தால் வாசிப்பை வளர்ப்பது பழகி வைத்த பாடமா, ஒரு வரிக் குறிப்பா?' என்பது இன்றைய தலைப்பு. நான் ஒரு வரியின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய அண்ணன், அது சின்னப் பிள்ளைகள் விளையாட்டு, பாடம் இல்லாவிட்டால் இரைச்சல்தான் மிஞ்சும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நான் பம்பை அடிக்கிறவனுங்க. என் கூட்டாளி உறுமி. நாங்கள் பழகும்போது வைத்துக்கொள்ளும் ஒரு குறிப்பைச் சொல்கிறேன்: 'உறுமியின் இழுப்பு ஓய்கிற இடத்தில்தான் பம்பை தொடங்கணும்.' வேறு எதுவும் பேசிக்கொள்ள மாட்டோம். உறுமியில் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்துத்தான் அந்த உறுமல் வரும். அவர் எவ்வளவு நேரம் தேய்ப்பார் என்பது எனக்குத் தெரியாது. ஓய்வது போல இருக்கும், மறுபடி அழுத்துவார். அப்போது என் காது முழுக்க அவருடைய குச்சியில்தான் இருக்கும். பழகிய பாடம் என்றால் அடுத்து வருவது எனக்கு முன்னமே தெரியும், அவரைக் கேட்காமலே அடித்துவிட்டுப் போய்விடலாம். இங்கே அது நடக்காது. அப்புறம் குறிப்பைத் திருப்பிப் போடுவோம்: பம்பை விட்ட இடத்தை மட்டும் உறுமி நிரப்பணும். இப்போது நான் இடம் விட்டே ஆகணும். விடாமல் அடித்தால் அவர் சும்மா நிற்க வேண்டியதுதான். எத்தனை இடம், எவ்வளவு பெரிய இடம் என்று யோசிக்கிறபோதே புதுப் புது அடி பிறக்கிறது. கை வேகத்தை நம்பி இருக்கிறவனுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இது நாட்டுப்புற மேளத்துக்குத்தான் சரி என்பார்கள். கர்நாடக இசைக் கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைப் பாருங்கள். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கும் குறைப்பு என்று ஒரு பகுதி உண்டு. ஆளுக்கு இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, அப்புறம் ஒன்று, அப்புறம் அரை, கால் என்று அளவு சுருங்கிக்கொண்டே வரும். சுருக்கிக்கொண்டே வா, எனக்குப் பதில் சொல் என்பதுதான் குறிப்பு. என்ன தாளச் சொல்லை வாசிப்பது என்பது அந்த நேரத்தில் எதிரே வந்து விழுவதைப் பொறுத்தது. கடைசியில் இருவரும் சேர்ந்து வாசிக்கும் கோர்வை பெரும்பாலும் பழகியதுதான், ஒத்துக்கொள்கிறேன். அது அப்படியே இருக்கட்டும்.

லண்டனில் ஜான் ஸ்டீவன்ஸ் என்று ஒரு டிரம்ஸ் கலைஞர் இருந்தார். கூடி வாசிப்பதற்கான பயிற்சிகளைத் தொகுத்து 1985இல் புத்தகமாக்கினார். அதில் ஒன்று, உன் வாத்தியத்தில் எழுப்ப முடிகிற மிகக் குறுகிய ஓசையை மட்டும் எழுப்பு என்பது. தாளம் கிடையாது, கணக்கும் கிடையாது. ஓசையைச் சட்டென்று முடித்தால்தான் பக்கத்தில் இருப்பவரின் குறுகிய ஓசை காதில் விழும். எங்கள் திண்ணையில் நாங்களும் இதைச் செய்து பார்ப்பதுண்டு, பம்பைக்கு இது ரொம்பக் கஷ்டமுங்க.

அடிப்படை இல்லாதவனுக்கு ஒரு வரி என்ன செய்யும் என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. திஸ்ரம் மூன்று, கண்டம் ஐந்து, மிஸ்ரம் ஏழு என்று தாள எண்ணிக்கையில் கை படியத்தான் வேண்டும். அதைத் தனியாக உட்கார்ந்து படியவைக்கலாம், அதற்குத் துணை எதற்கு? துணை வந்த பிறகும் அதே பாடத்தையே ஒப்பித்தால் ரெண்டு பேர் ஒரே நேரத்தில் தனியாக வாசித்தார்கள் என்றுதான் சொல்ல முடியும். இன்னொன்றும் இருக்கிறது. நம் பக்கத்துத் திருவிழாவில் தவில்காரர் ஓர் ஊர், ஜமாப் மேளம் அடிக்கும் தம்பி ஓர் ஊர். இருவருக்கும் பொதுப் பாடம் ஏது? 'ஏழு எண்ணிக்கையை விட்டு வெளியே வராதே, நான் நிறுத்தினால் நீ எடு' என்று காதில் சொன்னால் அந்த இடத்திலேயே சேர்ந்து வாசித்துவிடுவார்கள்.

நடுவர் அவர்களே, ஒரு வேண்டுகோள். மேடைக்குப் பின்னால் ஜமாப் செட்டுத் தம்பிகள் நிற்கிறார்கள். தீர்ப்புக்கு முன்னால் அவர்களில் ரெண்டு பேரைக் கூப்பிட்டு, நீங்களே ஒரு வரி சொல்லி வாசிக்கச் சொல்லுங்க. நன்றிங்க.