பண்டத்தரிப்பிலிருந்து போன கடிதங்கள்

(எங்கள் ஊர் வரலாற்றுக் கூட்டத்தில் பேசியது. கேட்ட சிலர் எழுதித் தரச் சொன்னதால் பேசின மாதிரியே எழுதியிருக்கிறேன்.)

பெரியோர்களுக்கு வணக்கம். பின்னுக்கு இருக்கிற பிள்ளைகளே, இன்றைக்குக் கூடுதலாக உங்களோடுதான் பேசப் போகிறேன், முன்னுக்கு வந்து இருங்கள்.

அமெரிக்க மிஷனரியான டொக்டர் ஜோன் ஸ்கடரும் அவருடைய மனைவி ஹரியட் அம்மாவும் 1820இல் இந்தப் பண்டத்தரிப்புக்குக் குடிவந்தார்கள். 1836இல் சென்னைக்குப் போகும் வரைக்கும் யாழ்ப்பாணம்தான் அவர்களுக்கு வீடு. அவர் இங்கே செய்த வைத்தியத்தைப் பற்றிப் பலர் பேசியாயிற்று, எழுதியாயிற்று. நான் அதைத் திரும்பச் சொல்ல வரவில்லை. நம்மைப் பற்றி அவர்கள் வெளியில் என்ன சொன்னார்கள், யாருக்குச் சொன்னார்கள், சொன்னதால் நமக்கு என்ன கிடைத்தது, எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதுதான் என்னுடைய பேச்சு. ஏனென்றால் இன்று நாங்களும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கதை இவர்களுக்கு முன்னமே தொடங்குகிறது. 1812இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறின முதல் மிஷனரிமாரில் சாமுவேல் நியூவெல், ஹரியட் நியூவெல் என்று ஓர் இளம் தம்பதி இருந்தார்கள். கல்கத்தாவில் தங்குவதற்குக் கிழக்கிந்தியக் கம்பனி விடவில்லை. அங்கிருந்து மொரீசியஸ் போகிற வழியில், கப்பலிலேயே பிள்ளை பிறந்து இறந்துபோனது. தாயும் அந்த வருடம் நவம்பர் 30ஆம் திகதி மொரீசியசில் கண்ணை மூடினார், வயது 19. ஒரு பள்ளிக்கூடம் நடத்தவில்லை, ஒரு பிரசங்கம் கேட்கக்கூட ஆட்களைக் கூட்டவில்லை. ஆனால் அவருடைய நாட்குறிப்பும் கடிதங்களும் புத்தகமாக வந்ததும் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு அதை வைத்து அழுதார்கள், பிறந்த பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். மனைவியைப் பறிகொடுத்த சாமுவேல் இலங்கைக்கு வந்தார், யாழ்ப்பாணத்தை வந்து பார்த்தார், மிஷன் தொடங்கத் தோதான இடம் இது என்று தங்களை அனுப்பின பொஸ்டன் மிஷன் சங்கத்துக்கு எழுதினார். 1816இல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அமெரிக்கர் வந்து இறங்கினதற்கு அந்த எழுத்து ஒரு முக்கியமான காரணம்.

அதோடு முடியவில்லை. சாமுவேல் நியூவெல் பிறகு பம்பாய்க்குப் போய், கோர்டன் ஹோல் என்ற இன்னொரு மிஷனரியோடு சேர்ந்து ஒரு சிறு புத்தகம் எழுதினார். உலகத்தில் அறுபது கோடிப் பேர் இன்னும் சுவிசேஷம் கேட்கவில்லை, யார் போவது என்று கேட்கிற புத்தகம், 1818இல் அச்சானது. அதில் ஒன்று நியூயோர்க்கில் ஒரு நோயாளியின் வீட்டு முன்னறையில் கிடந்தது. நோயாளியைப் பார்க்கப் போன இளம் டொக்டர் காத்திருந்த நேரத்தில் அதைக் கையில் எடுத்தார். அவர்தான் ஜோன் ஸ்கடர்.

பாருங்கள், யாழ்ப்பாணத்தைப் பார்த்துவிட்டுப் போன ஒருவர் எழுதின கடதாசி, யாழ்ப்பாணத்தின் பெயரே தெரியாத ஒருவரை இங்கே கொண்டுவந்திருக்கிறது.

அப்போது ஸ்கடருக்கு 25 வயதளவு, நல்ல தொழில், கலியாணம் முடித்து மூன்று வருடம்கூட ஆகவில்லை, கையில் ஒரு பெண்குழந்தை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார், ஹரியட் சம்மதித்தார். ஸ்கடரின் தகப்பனுக்கு அது அடியோடு பிடிக்கவில்லை, மகனை ஒதுக்கியே விட்டார் என்று குடும்பக் கதை சொல்லும். 1819 யூன் 8ஆம் திகதி பொஸ்டனில் கப்பலேறினார்கள். அதே கப்பலில்தான் உடுவில் பள்ளிக்கூடத்தைத் தொடங்கப்போகிற ஹரியட் வின்ஸ்லோ அம்மாவும், பிறகு பெரிய தமிழ் அகராதியை வெளியிடப்போகிற அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோவும் வந்தார்கள். ஸ்கடரின் குழந்தை கல்கத்தாவில் இறந்தது. அந்தத் துக்கத்தோடு வந்துதான் ஹரியட் ஸ்கடர் இங்கே அடுப்பு மூட்டினார்.

இவர்கள் வந்த கையோடு கதவு அடைபட்டுவிட்டது. இலங்கையைப் பிரிட்டிஷாருக்காக ஆண்ட எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், இனிமேல் அமெரிக்க மிஷனரிகள் புதிதாக ஒருவரும் இலங்கைக்கு வரக்கூடாது என்று உத்தரவு. அச்சுக்கூடம் நடத்த 1820இல் வந்த ஜேம்ஸ் கரட்டையே திருப்பி அனுப்பினார்கள். அந்தத் தடை 1833 வரைக்கும் நீடித்தது. அதாவது 13 வருடமாக வெளியிலிருந்து கூடுதல் ஆள் கிடையாது. இருந்தவர்களுக்கு இரண்டு வழிதான் மிச்சம். ஒன்று, இங்கே இருக்கிற பிள்ளைகளையே படிப்பித்து ஆளாக்குவது. மற்றது, பணமும் ஆதரவும் நிற்காமல் வரும்படி அமெரிக்காவுக்கு எழுதிக்கொண்டே இருப்பது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியும் தொடங்கினதை இந்தத் தடையோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

எழுதுகிற வேலையை எல்லா மிஷனரிமாரும் செய்தார்கள், பொஸ்டனில் மாதாமாதம் வந்த 'மிஷனரி ஹெரல்ட்' பத்திரிகையில் அவர்களுடைய கடிதங்களும் நாட்குறிப்புகளும் அச்சாகும். ஆனால் ஸ்கடர் பிடித்த வழி வேறு. அவர் சின்னப்பிள்ளைகளுக்கு எழுதினார். காய்ச்சலையும் வாந்திபேதியையும் பார்த்துவிட்டு வந்து, விளக்கு வெளிச்சத்தில், முகம் தெரியாத அமெரிக்கப் பிள்ளைகளுக்கு, அவர்களோடு நேரில் கதைக்கிற மாதிரி எழுதினார். தையல் சங்கம் வையுங்கள், உங்கள் கையால் உழைத்த காசில் கொஞ்சம் தாருங்கள், பெரிய ஆளாகி நீங்களே புறப்பட்டு வாருங்கள் என்று. பெரியவர் காசு தருவார், மறந்துவிடுவார். பிள்ளையிடம் சொன்னது பிள்ளையோடு வளரும். இதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

1842இல் உடம்புக்கு முடியாமல் அமெரிக்காவுக்குத் திரும்பினவர், 1846 வரை ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவருடைய பேச்சைக் கேட்டதாக அவருடைய வரலாற்றை எழுதினவர்கள் சொல்கிறார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம், உடம்பு சரியில்லாத மனிதர். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஹரியட் அம்மா மேடையில் ஏறினவர் இல்லை, அச்சான தாள்களில் பெரும்பாலும் 'திருமதி ஸ்கடர்' என்று மட்டும் வருகிறார். ஆனால் அந்த மேடைப்பேச்சுக்கு அவர் கொடுத்த விலை பெரியது: குழந்தைகளை மண்ணில் புதைத்தார், உயிரோடு இருந்தவர்களைப் படிப்புக்காகச் சிறுவயதிலேயே கடல் கடந்து அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். 1849இல் சென்னையில் இறந்தார். அவருடைய மகன்மாரில் ஏழு பேர் மிஷன் வேலைக்கு வந்தார்கள். மூத்தவர் ஹென்றி மார்ட்டின் 1822இல் இதே பண்டத்தரிப்பில் பிறந்தவர், ஆற்காட்டு மிஷனைத் தொடங்கினவர். கடைசி மகன் ஜோனின் பிள்ளைதான் வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கின ஐடா ஸ்கடர். இன்றைக்கும் எங்கள் ஆட்கள் பெரிய வருத்தமென்றால் கடல் தாண்டி வேலூருக்குத்தானே ஓடுகிறோம்.

சரி, கிடைத்ததைச் சொன்னேன். இனி மற்றப் பக்கம்.

அந்த நாளில் அமெரிக்க மிஷன் விடுதிகளில் ஒரு வழக்கம் இருந்தது. அமெரிக்காவில் ஒரு சபையோ, பெண்கள் சங்கமோ, தனி ஆளோ வருடாவருடம் இங்கே ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் பணம் அனுப்பினால், அந்தப் பிள்ளைக்குத் தாங்கள் விரும்பின பெயரை வைக்கலாம். தங்கள் போதகரின் பெயர், இறந்துபோன ஒரு சொந்தக்காரரின் பெயர், எது வேண்டுமானாலும். தகப்பனும் தாயும் நாள் பார்த்துக் கோயிலில் வைத்த பெயரோடு வந்த பிள்ளை, விடுதிக் கணக்குப் புத்தகத்தில் வேறொரு ஆள். நமது இலக்கிய வரலாற்றைப் புரட்டினால் அந்தப் பெயர்கள் வரிசையாக நிற்கும். 'உதயதாரகை' பத்திரிகையின் ஆசிரியராக இருந்து 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' வெளியிட்ட ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை. அகராதிக்கு உழைத்த வைமன் கதிரைவேற்பிள்ளை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரான கறோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை, அவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்தான்.

இந்தப் பெரிய மனிதர்கள் தங்கள் சொந்தப் பெயரை விடாமல் பின்னால் வைத்துக்கொண்டார்கள் பாருங்கள், எனக்கு அதில் பெரிய மரியாதை. ஆனால் பெயர் பெறாமல் போன நூற்றுக்கணக்கான பிள்ளைகள்? அவர்களைப் பற்றிக் கடிதம் போயிருக்கும், பணம் வந்திருக்கும், அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவர்களுடைய தாய்க்குத் தெரிந்திருக்காது.

ஸ்கடர் அமெரிக்கப் பிள்ளைகளுக்கென்று எழுதின புத்தகங்களை நான் வாசித்திருக்கிறேன். கொடூரமான நேர்த்திக்கடன்கள், தேருக்கு அடியில் விழுவது, அறியாமை, இருட்டு. இவற்றில் நடந்ததும் உண்டு, எங்கேயோ கேட்டதை இங்கே ஏற்றினதும் உண்டு. எனக்கு வலிக்கிறது இதுதான்: அந்தப் பக்கங்களில் பண்டத்தரிப்பில் ஒரு தாய் பிள்ளையைக் கொஞ்சவில்லை. ஒரு பரியாரியார் மருந்து இடிக்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஏடு படிக்கிற சத்தம் இல்லை. நன்னூலும் நிகண்டும் மனப்பாடமாகத் தெரிந்த மனிதர்களிடம் உட்கார்ந்துதான் மிஷனரிமார் தமிழ் படித்தார்கள். அந்த முன்சிமார் பணம் திரட்டுகிற கதைக்குள் வரமாட்டார்கள். ஏன் என்றால் அவர்களைக் காட்டினால் கேட்கிறவருக்கு இரக்கம் வராது, மதிப்பு வந்துவிடும். மதிப்பு வந்தால் பணம் வராது என்று நினைத்தார்கள். நான் கிறிஸ்தவன், இந்தச் சபையில் வளர்ந்தவன், அதனால்தான் இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறேன். நம்பிக்கையோடு செய்த வேலைதான். ஆனால் நம் முன்னோரைச் சின்னவராக்கித்தான் அந்த வேலைக்குக் காசு சேர்ந்திருக்கிறது.

இதற்கு ஊர் பதில் சொல்லாமல் இருக்கவில்லை. ஸ்கடரின் மூத்த மகன் இங்கே பிறந்த அதே 1822இல்தான் நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவின அதே நாவலர், 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கினார். அடுத்த வருடம் சைவப்பிரகாச வித்தியாசாலை. அப்புறம் அச்சுக்கூடம். மேடை, பள்ளிக்கூடம், அச்சு மூன்றையும் மிஷன் எப்படிப் பயன்படுத்தியது என்று கிட்ட நின்று பார்த்தவர், தங்கள் கதையைத் தாங்களே சொல்ல வேண்டும் என்று எழும்பினார். மத வேறுபாட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதை நாங்கள் கற்றுக்கொள்ளலாம்.

இனி, சொன்னேனே, நாங்களும் அதே வேலை செய்கிறோம் என்று. யுத்தத்துக்குப் பிறகு எத்தனை அமைப்புகள், எத்தனை பழைய மாணவர் சங்கங்கள், எத்தனை சபைகள் கனடாவுக்கும் லண்டனுக்கும் சுவிசுக்கும் படம் அனுப்பிப் பணம் கேட்கிறோம். நல்ல காரியத்துக்குத்தான் கேட்கிறோம், வருகிற பணத்தால் சைக்கிள் கிடைக்கிறது, கிணறு இறைபடுகிறது, பிள்ளை கம்பஸ் போகிறது. ஆனால் அந்த வீடியோக்களைப் பாருங்கள். காலில்லாத தகப்பனை வாசலில் இருத்தி, பிள்ளையை அழவைத்து, பின்னால் சோகமான வாத்தியம். ஒரு வீட்டில் நான் கண்ணால் கண்டது: உதவி கொடுக்க வந்தவர்கள், ஒழுங்காக வாரி முடிந்திருந்த அம்மாவின் தலையைக் கலைத்துவிடச் சொன்னார்கள். அவர் கலைக்கவில்லை. நான் அவரை வணங்குகிறேன். அவர் நல்லாகத் தையல் தைக்கிறவர், மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவர், அந்த வீடியோவில் அதில் ஒன்றும் இல்லை.

200 வருடத்துக்கு முன் நம்மை யாரோ காட்டினதுபோல இன்று நம்மை நாமே காட்டுகிறோம். எனக்கு இதைப் பொறுக்க முடியவில்லை.

பேச்சு முடிந்ததும் ஒரு தங்கச்சி எழும்பிக் கேட்டார், தான் ஒரு உதவிச் சங்கத்தில் எழுத்து வேலை செய்கிறாராம்: "அப்ப ஐயா, கஷ்டத்தைச் சொல்லாமல் எப்பிடிக் காசு கேக்கிறது?"

கஷ்டத்தைச் சொல்லுங்கள், பிள்ளை, தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் வெளியில் போகிற ஒவ்வொரு கடிதத்தையும், ஒவ்வொரு வீடியோவின் பேச்சையும் முதலில் அந்த வீட்டாருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்ன வரியை வெட்டுங்கள். தங்களுக்கு என்ன வேலை தெரியும் என்று அவர்கள் சொல்வதைச் சேருங்கள். பெயரும் முகமும் போடுவதா இல்லையா என்பது அவர்களுடைய விருப்பம், கொடுக்கிறவருடையது இல்லை. ஸ்கடர் தம்பதியின் காலத்தில் கடிதம் அமெரிக்கா போய்ச் சேர நாலைந்து மாதம் எடுக்கும். அப்படியிருந்தும் ஒரு தாயைக் கூப்பிட்டு வாசித்துக் காட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்களுக்கு ஒரு பின்னேரம் போதும். எழுதினதை வரும் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், இருந்து சேர்ந்து பார்ப்போம். அந்த அம்மாமார் வர விரும்பினால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பஸ் காசு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.