பல் போன இடத்தில் எலும்பு

வணக்கம் நேயர்களே. குமுளியில் பல் மருத்துவம் பார்க்கிறேன். காலையில் கம்பம், கூடலூர்ப் பக்கத்திலிருந்து திராட்சைத் தோட்டக்காரர்கள் மலையேறி வருவார்கள், சாயங்காலம் வண்டிப்பெரியாறு லயங்களிலிருந்து கொழுந்து பறிக்கிற அக்காமார் வருவார்கள். ரெண்டு பக்கத்தாரும் கேட்பது ஒன்றுதான்: "டாக்டர், கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி அஞ்சு வருஷமாச்சு, இப்ப ஸ்க்ரூ பல்லு வைக்கலாமா?"

வைக்கலாம். தாடை எலும்பில் ஒரு ஸ்க்ரூவை இறக்கி அதன்மேல் பல்லைப் பொருத்துவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் எக்ஸ்ரேயைப் பார்த்ததும் எனக்கு மனசு கனத்துப்போகும். ஏனென்றால் பல்லைத் தாங்குவதுதான் அதைச் சுற்றியுள்ள தாடை எலும்பின் வேலை, பல் போய்விட்டால் உடம்பு அதைக் கரைத்துவிடும். பிடுங்கிய ஒரே வருடத்தில் அந்த இடத்து எலும்பின் அகலத்தில் ஏறக்குறைய பாதி குறைந்துபோகும், அதிலும் பெரும்பங்கு முதல் 3 மாதத்திலேயே போய்விடும். அஞ்சு வருடம் கழித்து வந்தால் ஸ்க்ரூவை எதில் இறக்குவது?

இந்த ஸ்க்ரூ வந்த கதையே எலும்பின் கதைதான். 1952-இல் ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரத்தில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆராய்ச்சியாளர், எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் செய்த சின்னக் கருவியைப் பொருத்தினார். வேலை முடிந்து எடுக்கப் பார்த்தால் வரவில்லை, எலும்பு அதை இறுகப் பற்றி வளர்ந்திருந்தது. 1965-இல் அதே உலோகத்தை ஒரு மனிதரின் தாடையில் வைத்தார். அந்த நோயாளி அந்தப் பல்லோடு 40 வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்.

அப்போது எலும்பு பிடிக்க மேல்தாடைக்கு ஆறு மாதம்வரை காத்திருக்க வேண்டும். இப்போது டைட்டானியத்தின் மேற்பரப்பை மணலடித்து, அமிலத்தில் நனைத்துச் சொரசொரப்பாக்குகிறார்கள், நல்ல எலும்பு இருந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் பல்லைப் பொருத்த முடிகிறது.

சரி, எலும்பு இல்லாதவர்களுக்கு? அங்கேதான் உண்மையான முன்னேற்றம் நடந்திருக்கிறது. பள்ளத்தில் எலும்புத் துகளைப் போட்டு, மேலே மெல்லிய ஒரு சவ்வை மூடுகிறோம். சவ்வு எதற்கு என்று கேட்பீர்கள். ஈறு வேகமாக வளரும், எலும்பு மெதுவாகத்தான் வளரும், தடுப்பு வைக்காவிட்டால் எலும்பு வரவேண்டிய இடத்தை ஈறு பிடித்துக்கொள்ளும். துகள்களில் பல, மாட்டெலும்பைச் சுத்திகரித்துச் செய்தவை, செயற்கையானவையும் உண்டு. எது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, கூச்சப்படாதீர்கள்.

அப்புறம் பி.ஆர்.எஃப். என்று ஒன்று. பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஜோசப் ஷுக்ரூன் 2001-இல் கொண்டுவந்தது. உங்கள் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து, உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காமல், உடனே இயந்திரத்தில் சுற்றுவோம். நடுவில் மஞ்சளாக, நுங்குபோல ஒரு கட்டி தங்கும். காயம் ஆற உடம்பு அனுப்புகிற தட்டணுக்களும் வெள்ளணுக்களும் அதில் நிறைந்திருக்கும். பல் எடுத்த குழியில் வைத்துத் தைத்தால் புண் சீக்கிரம் ஆறுகிறது. எலும்பு போனபிறகு அதை மட்டும் வைத்து முழுதாக வளர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"ஊசி போட்டால் பல் முளைக்குமாமே" என்றும் கேட்கிறார்கள். ஜப்பானில் பல் வளர்ச்சியைத் தடுக்கிற யூசாக்-1 என்ற புரதத்தை அடக்கும் மருந்தைக் கண்டுபிடித்தார்கள், எலிக்கும் ஃபெரெட் என்ற கீரி போன்ற பிராணிக்கும் பல் வந்தது. 2024-இல் கியோட்டோவில் மனிதர்களிடம் பாதுகாப்புச் சோதனை தொடங்கினார்கள். பிறவியிலேயே பல் இல்லாத குழந்தைகளுக்கு உதவுவதுதான் அவர்களுடைய முதல் நோக்கம். நாம் அதற்காகப் பல்லைக் கெடுத்துக்கொண்டு காத்திருக்க முடியாது.

எஸ்டேட் அக்காமாரிடம் ஒன்று சொல்லவேண்டும். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று புகையிலையும் பாக்கும் வாயில் அடக்கிக்கொள்கிறீர்கள். அதனால் வாய் திறப்பதே குறுகிப்போனவர்களை வாராவாரம் பார்க்கிறேன். எலும்பே இருந்தாலும் கருவி உள்ளே போகாது. சுகர் இருப்பவர்கள் மூன்று மாதச் சராசரியைப் பார்த்துக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் புண் ஆறாது.

பல்லைப் பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்று மருத்துவர் சொன்னால், நாற்காலியில் சாய்வதற்கு முன்னால் கேளுங்கள்: "இந்த எலும்பைக் காப்பாற்ற இன்னைக்கே என்ன செய்யலாம்?" இப்போது ஸ்க்ரூ வைக்கப் பணமில்லை என்றாலும் கேளுங்கள். குழியில் துகள் போட்டு மூட ஆகிற செலவு, பின்னாளில் எலும்பு வளர்க்க ஆகும் செலவைவிடக் குறைவு. நன்றி, வணக்கம்.