ரோண்டா: பாலத்துக்குக் கீழே மதியத்துக்கு அப்புறம் போங்க

தெற்கு ஸ்பெயின்ல, கிட்டத்தட்ட 740 மீட்டர் உயரத்துல நிக்கிற ஊர் ரோண்டா. ஊரை ரெண்டாப் பிளந்துக்கிட்டுப் போற ஆழமான பள்ளத்துக்குப் பேரு தாஹோ. கீழே ஓடுறது குவாதலெவின் ஆறு. அதுக்கு மேலே நிக்கிறது புவெந்தே நுவெவோ, அதாவது 'புதுப் பாலம்', 98 மீட்டர் உயரம். இதுக்கு முன்னாடி 1735-ல கட்டினது ஆறே வருஷத்துல இடிஞ்சு ஐம்பது பேர் வரைக்கும் செத்துப்போனாங்க. இப்ப நிக்கிறதை 1751-ல ஆரம்பிச்சு 1793-லதான் முடிச்சாங்க.

மாலகாவிலேர்ந்து பஸ்ல ரெண்டு மணி நேரம் ஆகும். இறங்கினதுமே திரும்புற பஸ் எத்தனை மணிக்குன்னு பாத்து வெச்சிருங்க. கடற்கரையில இருக்கிற சான் பெத்ரோ ஊர்ப் பக்கமிருந்து கார்ல வந்தா முழுக்க வளைவு ரோடு, வாந்தி வர்றவங்க முன் சீட்டுல உக்காருங்க.

எல்லாரும் வந்ததும் நேரா பாலத்துக்கு ஓடுறாங்க. ஆனா நல்ல படம் கிடைக்கிற பார்வை மேற்குப் பக்கம், கீழேருந்து. காலையில பாலத்தோட அந்த முகம் நிழல்ல கிடக்கும், படம் கருப்பாத்தான் வரும். அதனால காலை நேரத்தைக் கிழக்குப் பக்கம் செலவழிங்க.

குயெங்கா தோட்டத்துப் படிக்கட்டுல இறங்கி, பழைய பாலத்தை (இடிஞ்சது இல்ல, இது வேற) தாண்டினா அரேபியக் குளியல் கூடம். குளிர், வெதுவெதுப்பு, சூடுன்னு மூணு அறை. கூரையில நட்சத்திர வடிவ ஓட்டைகள், வெயில் அது வழியா உள்ளே விழும். ஆத்துத் தண்ணியை மிருகத்தைக் கட்டிச் சுத்தவிட்ட சக்கரத்தால மேலே ஏத்தி, கால்வாய்ல கொண்டுவந்திருக்காங்க. ரோண்டாவுல ஒரே ஒரு டிக்கெட் எடுக்கணும்னா இதுக்குத்தான் எடுப்பேன்.

அங்கேருந்து மேடேறினா காசா தெல் ரே மோரோ. மூர் ராஜா (அந்தக் காலத்துல ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம் ராஜா) வீடுன்னு பேரு, எந்த ராஜாவும் இருந்ததில்லை, வீடே 18-ஆம் நூற்றாண்டு! ஆனா அதுக்கடியில பாறையைக் குடைஞ்சு ஆறு வரைக்கும் இறங்குற தண்ணிச் சுரங்கம் நிஜமாவே பழசு. இருநூறு படிக்கு மேல, ஈரமா, உயரம் சமமில்லாம இருக்கும். முட்டி வலி உள்ளவங்க தோட்டத்தோட நிறுத்திக்கங்க.

சாப்பாடு ரெண்டு மணிக்கு. அந்த நேரத்துல சின்னக் கடைகள் மூடிடும், தண்ணி பாட்டிலை முன்னாடியே வாங்கிடுங்க. அப்புறம் பழைய ஊர்ல ப்ளாசா மரியா ஆக்ஸிலியதோரா சதுக்கத்துலேர்ந்து கீழே இறங்குற பாதை. வெயில் பாலத்து முகத்துல அடிக்கிற நேரம் அதுதான். மழை பெஞ்சிருந்தா வழுக்கும், செருப்போட வேண்டாம். திரும்ப ஏற அரை மணி நேரம் வெச்சுக்கங்க. அதைப் பஸ் நேரத்துலேருந்து கழிச்சுப் பாத்துட்டு இறங்குங்க.