வேலிச் சண்டை முதல் புதுக்கடை வரை: இலங்கையின் நீதிமன்றங்கள் இயங்கும் விதம்

(காட்சி: குச்சவெளி வீதியோரம், புதிதாக நட்ட கம்பிவேலி)

வணக்கம். திருகோணமலை மாவட்டத்தின் குச்சவெளியில் ஒருவர் காலையில் எழுந்து பார்க்கும்போது, தமது காணியின் குறுக்கே யாரோ ஒரு கம்பிவேலியைப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் உறுதி, அதாவது காணி உரிமைப் பத்திரம், இருக்கிறது. ஆனால் எந்த நீதிமன்றத்துக்குப் போவது, எத்தனை நாளுக்குள் போவது என்ற இரண்டும் அந்த உறுதிக்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையவை.

அவர் முதலில் போகக்கூடிய இடம் நீதவான் நீதிமன்றம். காணிப் பிணக்கு கைகலப்பில் முடியக்கூடும் என்ற நிலை இருந்தால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் பொலிஸாரோ பிணக்கில் உள்ளவரோ அங்கே வழக்கிடலாம். இந்த வழக்கில் காணி யாருக்குச் சொந்தம் என்பதை நீதவான் தீர்மானிப்பதில்லை. வழக்கிட்ட நாளில் அது யாருடைய உடைமையில் இருந்தது, அதற்கு முந்திய 2 மாதங்களுக்குள் எவரேனும் பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பவற்றையே அவர் பார்க்கிறார். உறுதியைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, மூன்று மாதமாக ஊர்ப் பெரியவர்களிடம் நியாயம் கேட்டுத் திரிந்தவருக்கு இந்த நிவாரணம் கைநழுவிப் போகிறது. உரித்து யாருடையது என்ற கேள்வி மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியது. அந்தக் கதவு அவருக்கு அப்போதும் திறந்தே இருக்கும் என்றாலும், அங்கே வழக்கு பல ஆண்டுகள் தவணை தவணையாக நீளக்கூடும்.

(காட்சி: நீதிமன்றப் படிநிலை வரைபடம்)

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. இந்தியத் தொலைக்காட்சிச் செய்திகளில் ‘உயர் நீதிமன்றம்’ என்பது மாநில மட்டத்து நீதிமன்றம். அதற்கு மேலே இருப்பது ‘உச்ச நீதிமன்றம்’. இலங்கையிலோ உயர் நீதிமன்றமே நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றம். அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றமும், அதற்கும் கீழே மேல் நீதிமன்றங்களும் இருக்கின்றன. சென்னைச் செய்தியைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது தலைகீழாகத்தான் ஒலிக்கும்.

கொலை போன்ற பாரிய குற்றங்களில் சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்கிறார். நீதவான் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்ப்பவர் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகிறார். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் என்றதும் நமக்கு மாகாண சபைதான் நினைவுக்கு வருகிறது. மாகாண மேல் நீதிமன்றத்தைத் தந்ததும் அதே திருத்தம்தான். தடுத்து வைக்கப்பட்ட ஒருவரை முன்னிலைப்படுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவைக் கொழும்புக்குப் போகாமல் திருகோணமலை மேல் நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்ய முடிவது அதனால்தான். மாகாண சபைகள் தேர்தல் இன்றிக் கிடந்த ஆண்டுகளிலும் இந்த நீதிமன்றங்கள் இயங்கியே வந்தன.

நீதவான்களையும் மாவட்ட நீதிபதிகளையும் நியமிப்பதும் இடமாற்றுவதும் பிரதம நீதியரசர் தலைமையிலான நீதிச் சேவை ஆணைக்குழுவின் பொறுப்பு. உயர் நீதிமன்ற நீதியரசர்களை அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் ஜனாதிபதி நியமிக்கிறார். அவர்கள் 65 வயதில் ஓய்வு பெறுகிறார்கள்.

நியமித்தவரின் கட்டளையையே நீதிமன்றம் செல்லாது என்று சொல்ல முடியுமா? முடியும் என்பதைத் திருகோணமலை நகரம் நேரில் கண்டிருக்கிறது. 1988 இல் ஜனாதிபதியின் பிரகடனத்தால் இணைக்கப்பட்ட வடக்கு கிழக்கு மாகாணத்தின் நிர்வாகம் திருகோணமலையில் இருந்தே நடந்தது. இணைப்புக்குச் சட்டம் விதித்திருந்த நிபந்தனைகளை அவசரகால ஒழுங்குவிதியின் மூலம் மாற்றியது செல்லாது என்று 2006 ஒக்டோபர் 16 ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி 1 முதல் இரு மாகாணங்களும் வெவ்வேறாயின. அத்தீர்ப்பு தமிழ் மக்களுக்குத் தந்த வேதனை தனிக்கதை. 2018 டிசம்பர் 13 இல், பாராளுமன்றத்தை ஜனாதிபதி கலைத்தது அரசியலமைப்புக்கு முரணானது என்று அதே நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தபோது பலரும் அதனை வரவேற்றார்கள். இரண்டிலும் செயற்பட்டது ஒரே அதிகாரம்தான்.

ஆனால் நிறைவேறிய சட்டம் ஒன்றின் மீது இந்த அதிகாரம் செல்லாது. சபாநாயகர் சான்றுப்படுத்திய பின்னர் எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியை ஆராய முடியாது. சட்டமூலமாக இருக்கும் குறுகிய காலத்துக்குள்ளேயே அதனை எதிர்க்க வேண்டும்.

(காட்சி: திருகோணமலைப் பேருந்து நிலையம், இரவு)

நிறைவாக, அடிப்படை உரிமை மீறல் மனு. அரச அதிகாரி ஒருவர் உங்கள் உரிமையை மீறினால், அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி 1 மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த நீதிமன்றமோ திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவில், கொழும்பு புதுக்கடையில் இருக்கிறது. கொழும்பில் சட்டத்தரணி ஒருவரைத் தேட வேண்டும், ஆவணங்களைத் திரட்ட வேண்டும், இரவு பஸ் ஏற வேண்டும். மூதூர் மீனவருக்கு ஒரு மாதம் என்பது மிகக் குறைவு என்றே நான் நினைக்கிறேன்.

இதற்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே உண்டு. அங்கே அந்த 1 மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால், ஆணைக்குழுவின் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. முறைப்பாடு கொடுத்தால் மட்டும் போதாது, விசாரணை நடந்துகொண்டிருந்ததைக் காட்ட வேண்டும் என்று சில தீர்ப்புகள் கூறியிருப்பதால், முறைப்பாட்டு இலக்கத்தையும் ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.