வ.உ.சி. தீவிரவாதியா தாத்தா?

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் என் பேரன் பரண்ல கிடந்த என் பழைய வரலாறு புஸ்தகத்த தூக்கிட்டு வந்து, "தாத்தா, வ.உ.சி. தீவிரவாதியா?"ன்னு கேட்டான். சிரிப்பும் வந்துச்சு, திக்குன்னும் இருந்துச்சு. 1907ல சூரத்துல காங்கிரஸ் ரெண்டா உடைஞ்சப்போ, மனு கொடுத்து மெதுவா கேட்போம்னவங்க மிதவாதி, வ.உ.சி. மாதிரி திலகர் பக்கம் நின்னவங்க தீவிரவாதி, அன்னைக்கு அது ஒரு கோஷ்டியோட பேரு, அவ்ளோதான். இன்னைக்கு அதே வார்த்தைய நியூஸ்ல கேட்டா குண்டும் துப்பாக்கியும்தான் ஞாபகம் வருது. இத அவனுக்கு விளக்கறதுக்குள்ள காபி ஆறிப்போச்சு.

லிபரல்ங்கற வார்த்தை இன்னும் மோசம். என் பொண்ணு நியூஜெர்சில இருக்கா, அங்க லிபரல்னா ஏழைக்கு அரசாங்கம் செலவு பண்ணட்டும்ங்கற ஆளு, 1930கள்ல ஜனாதிபதியா இருந்த ரூஸ்வெல்ட் காலத்துலேர்ந்தே அப்படித்தான். ஆனா இங்கிலாந்துல பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரதமர் கிளாட்ஸ்டன் காலத்து லிபரல், அரசாங்கமே செலவக் குறை, வியாபாரத்துல கைவைக்காதேன்னவரு. ஆஸ்திரேலியாவுல கேக்கவே வேணாம், அங்க லிபரல் கட்சிதான் பழமைவாதக் கட்சி! பெரம்பூர்ல எனக்கொரு ஃப்ரெண்ட், தொழிற்சங்கமே கதின்னு கிடந்தவரு, அவருக்கு லிபரல்னாலே 1991ல தொழில், வியாபாரக் கட்டுப்பாட்ட அரசாங்கம் தளர்த்துன தாராளமயம்தான், வாயத் தொறந்தா திட்டுதான். என் பொண்ணும் அவரும் இந்த ஒரு வார்த்தைக்காக ஃபோன்ல மல்லுக்கட்டறாங்க, என்ன வேணும்னு கேட்டா ரெண்டு பேரும் முக்கால்வாசி ஒண்ணத்தான் சொல்றாங்க.

நம்ம ஊரையே எடுத்துக்குங்க. 1916ல இங்க ஆரம்பிச்ச நீதிக்கட்சியோட இங்கிலீஷ் பேரு சவுத் இந்தியன் லிபரல் ஃபெடரேஷன். தமிழ்ல தென்னிந்திய நலவுரிமைச் சங்கம்னாங்க. லிபரலுக்கு நலவுரிமை! எனக்கென்னமோ மூலத்தவிட இதான் பிடிக்குது.

1959ல ராஜாஜி சுதந்திராக் கட்சி ஆரம்பிச்சு, லைசென்ஸ் பெர்மிட் எல்லாம் வேணாம், தொழில் பண்றவன சும்மா விடுங்கன்னாரு, பழைய இங்கிலாந்து கணக்குல பாத்தா பக்கா லிபரல், ஊர் என்னமோ அவர பழமைவாதின்னுச்சு. அந்தப் பழமைவாதிதான் 1967ல அண்ணாவோட கூட்டணி வெச்சாரு. முன்னாடி பள்ளிக்கூடத்துல இந்தி மொழியக் கொண்டாந்தவரும் அவர்தான், பின்னாடி இந்தி ஆட்சிமொழியா வேணாம்னவரும் அவர்தான். எந்த லேபிள ஒட்டுவீங்க?

இன்னைக்கு தீவிரவாதின்றவன் நாளைக்கு மிதவாதி ஆயிடுவான்னு திலகரே 1907ல பேசியிருக்காரு. அதையும் பேரன்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சான்.

"அப்போ பரீட்சைல நான் எத எழுதறது தாத்தா?"