நிரூபிக்க வேண்டியவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

1977-இல் சிகாகோவில் இருந்த அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை அலுவலகத்துக்கு ஒரு பெண் தொலைபேசியில் பேசினார். வியட்நாமில் பணியாற்றித் திரும்பிய தன் கணவருக்குப் புற்றுநோய், அங்கே தெளித்த ரசாயனம்தான் காரணம் என்று அவர் நம்புகிறார் என்றார். அழைப்பை எடுத்தவர் மாட் டிவிக்டர் என்ற பெண் ஊழியர். வழக்கமான பதிலைச் சொல்லி வைத்துவிடாமல், அவர் விசாரிக்க ஆரம்பித்தார். இதே கதையோடு வந்த மற்றவர்களின் விவரங்களையும் சேர்த்தார். அடுத்த ஆண்டே செய்தி தொலைக்காட்சிக்கு வந்துவிட்டது. தெளித்தது அரசு, கணக்கெடுக்கத் தொடங்கியதோ ஒரு சாதாரண ஊழியர்.

அந்த ரசாயனத்துக்கு ஏஜென்ட் ஆரஞ்சு என்று பெயர். பீப்பாயில் ஆரஞ்சு நிறப் பட்டை இருக்கும், அவ்வளவுதான் காரணம். காட்டு மரங்களின் இலைகளை உதிர்த்து, எதிரி ஒளிய இடமில்லாமல் செய்வதற்கான களைக்கொல்லி. 1962 முதல் 1971 வரை பல வகைக் களைக்கொல்லிகள் மொத்தமாக 7 கோடி லிட்டருக்கும் மேல் கொட்டப்பட்டன. அதில் பாதிக்கு மேல் இதுதான். இதன் மூலப்பொருள்களில் ஒன்றைத் தயாரிக்கும்போது டையாக்சின் என்ற கொடிய நஞ்சு மாசாகக் கலந்துவிடும். அது உடல் கொழுப்பில் போய்த் தங்கும், லேசில் வெளியேறாது.

சரி, நோய் வந்த வீரர் என்ன செய்யலாம்? அரசின் மேல் வழக்குப் போட முடியாது. படைப்பணியின்போது நேர்ந்த பாதிப்புக்கு வீரர்கள் அரசிடம் நஷ்டஈடு கேட்டு வழக்காட முடியாது என்று 1950-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் தயாரித்த நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டார்கள். 1984-இல் 18 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. கேட்கப் பெரிய தொகைதான். பணம் பெற்றவர்களுக்குச் சராசரியாகக் கிடைத்தது தலைக்கு 3,800 டாலர் அளவில்.

மிச்சமிருந்த வழி, நலத்துறையிடம் விண்ணப்பிப்பது. அங்கேதான் சிக்கல். எந்த நாளில், எந்த இடத்தில், எவ்வளவு நஞ்சு உங்கள் மேல் பட்டது? இந்த நோய் அதனால்தான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? காட்டுக்குள் நடந்துகொண்டிருந்த 19 வயதுப் பையனிடம் இதற்கெல்லாம் பதில் எப்படி இருக்கும்? களைக்கொல்லி தெளித்த விமானம் பறந்த பாதைக்காவது பதிவேடு உண்டு. முகாம் வேலியோரம் கையால் தெளித்ததற்கு முழுப் பதிவு கிடையாது.

1991-இல் வந்த சட்டம் இந்தச் சுமையை இடம் மாற்றியது. வியட்நாம் மண்ணில் பணியாற்றினாரா, பட்டியலில் உள்ள நோய் இருக்கிறதா, போதும். நஞ்சு பட்டதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இதை எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நீரிழிவும் புராஸ்டேட் புற்றுநோயும் வயதானால் யாருக்கும் வரும். தெளிப்போடு சம்பந்தமே இல்லாதவருக்கும் பணம் போகும். போகும்தான். ஆனால் தவறு எப்படியும் ஒரு பக்கம் நேரத்தான் போகிறது. அது நோயாளியின் தலையில் விழ வேண்டுமா, கஜானாவிலா? அனுப்பியதும் தெளித்ததும் அரசு. குறிப்பு எழுதி வைக்காததும் அரசு. என்னைக் கேட்டால் கஜானாதான் தாங்க வேண்டும்.

கடற்படைத் தளபதி எல்மோ ஜும்வால்ட் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். ஆற்றங்கரைகளில் மருந்தடிக்கச் சொன்னவர் அவர். அதே ஆறுகளில் படகு ஓட்டிய அதிகாரிகளில் ஒருவர் அவர் மகன். மகன் 1988-இல், 42 வயதில், புற்றுநோயில் இறந்தார். மறைவிடம் குறைந்ததால் பல வீரர்கள் பிழைத்தார்கள், அந்த ஆணையை மறுபடியும் இடுவேன் என்றே தந்தை சொல்லிவந்தார். ஆனால் 1990-இல் அவரே நலத்துறைக்கு அறிக்கை கொடுத்து, அரசு ஆய்வுகள் உண்மையை மழுப்புகின்றன என்று சாடினார். இந்த இரண்டுக்கும் நடுவே எனக்கு முரண்பாடு தெரியவில்லை. போரில் அப்படி முடிவெடுக்க நேரலாம்; அதன் செலவை ஏற்க மறுப்பது வேறு விஷயம்.

சட்டம் வந்தபின்னும் இழுபறி ஓயவில்லை. 2002-இல் நலத்துறை, வியட்நாம் மண்ணில் கால் வைத்திருந்தால்தான் கணக்கு என்றது. கரையோரக் கப்பல்களில் இருந்தவர்கள் வெளியே நின்றார்கள். கப்பலில் கடல்நீரைக் காய்ச்சி வடித்துக் குடிக்கும்போது டையாக்சின் அடர்த்தி கூடுகிறது என்று அதே ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியிருந்தும் பயனில்லை. 2019-இல் நீதிமன்றமும் நாடாளுமன்றமும் திருத்திய பிறகே கதவு திறந்தது. ரத்தக்கொதிப்புக்கும் நஞ்சுக்கும் தொடர்பு இருப்பதற்குப் போதிய ஆதாரம் உண்டு என்று அறிவியலாளர் குழு 2018-இல் சொன்னது. பட்டியலில் ஏறியது 2022-இல் வந்த இன்னொரு சட்டத்தால். எழுபதைத் தாண்டிய மனிதருக்கு நான்கு ஆண்டு என்றால் சும்மாவா?

அதே 2022 சட்டம்தான் இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பிளாஸ்டிக், பேட்டரி, மருத்துவக் கழிவு எல்லாவற்றையும் திறந்தவெளிக் குழிகளில் போட்டு எரித்த புகையைச் சுவாசித்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. அமெரிக்கர்களோடு தோளோடு தோள் நின்று போரிட்ட தென்வியட்நாம் வீரர்களுக்கு மட்டும் இந்த நலத்துறை உதவித்தொகை இன்றும் கிடையாது. வியட்நாம் மக்கள் தொடுத்த வழக்கும் 2005-இல் தள்ளுபடி ஆனது.

இப்போது ஒவ்வொரு வீரரும் எங்கே, எந்த நஞ்சுக்கு அருகில் இருந்தார் என்று மின்பதிவு வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் காற்றை யாராவது அளந்திருந்தால்தான் பதிவில் ஏற்ற எண் இருக்கும். அளக்காத இடத்துக் கட்டம் காலியாக இருக்கும்போது, நஞ்சு இல்லை என்று அதைப் படிக்கக் கூடாது என்பதையும் சட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.