அபினவ் பிந்த்ராவுக்கு 36 வருஷம் முன்னாடியே தங்கம்! அடிச்சது யாரு?

வணக்கம் மக்களே! இந்தியாவோட முதல் தனிநபர் தங்கம் யாரோடது? "பிந்த்ரா, 2008"னு கமெண்ட்ல டைப் பண்றீங்களா? கொஞ்சம் பொறுங்க. ஒலிம்பிக்ஸ்ல அவர்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்ஸான பாராலிம்பிக்ஸையும் சேர்த்துக்கிட்டா, முரளிகாந்த் பேட்கர். 1972, ஜெர்மனியோட ஹைடல்பெர்க், 50 மீட்டர் நீச்சல், 37.33 செகண்ட். அன்னைக்கு அது உலக சாதனை! ராணுவத்துல பாக்ஸிங் பண்ணிட்டு இருந்த மனுஷன், 1965 போர்ல குண்டடி பட்டவர். பத்மஸ்ரீ எப்போ கொடுத்தாங்க? 2018ல. அந்த ஃபைல் நீந்தி வந்திருந்தாக்கூட சீக்கிரம் வந்திருக்கும்.

1984 பாராலிம்பிக்ஸ்ல இந்தியாவுக்கு நாலு மெடல், அப்புறம் 20 வருஷம் ஒண்ணுமில்ல. தள்ளி விடுங்க.

2004 ஏதென்ஸ். தேவேந்திர ஜஜாரியா, ராஜஸ்தான்காரர். சின்ன வயசுல மரம் ஏறும்போது கரண்ட் கம்பி பட்டு இடது கை போச்சு. ஈட்டியை 62.15 மீட்டர் எறிஞ்சு தங்கம், உலக சாதனை. அடுத்த தங்கம்? 2016 ரியோ! நடுவுல பன்னெண்டு வருஷம் என்ன ஆச்சு? ஃபார்ம் போச்சா? அடிபட்டுச்சா? ரெண்டும் இல்ல. 2008 பெய்ஜிங்லயும் 2012 லண்டன்லயும் அவர் பிரிவுக்கு ஈட்டி எறிதலே வைக்கல! உடல்ல எந்தக் குறைபாடு, எவ்வளவுன்னு பார்த்துதான் அங்க பிரிவு பிரிப்பாங்க. ஆனா எல்லாப் பிரிவுக்கும் எல்லாப் போட்டியும் ஒவ்வொரு தடவையும் இருக்காது. கல்யாணப் பந்தியில உங்க வரிசைக்கு மட்டும் இலை போடாம, "அடுத்த பந்திக்கு வாங்க"ன்னா எப்படி இருக்கும்? இங்க அடுத்த பந்தி நாலு வருஷம் கழிச்சு. அதுலயும் இலை இல்ல! நானா இருந்தா ஈட்டியைத் துணி காயப்போட வச்சிருப்பேன். அவரு 35 வயசுல வந்து 63.97 மீட்டர். முறியடிச்சது யாரோட உலக சாதனையை? அவரோடதேதான்! ரீவைண்ட் பண்ணி இன்னொரு தடவை கேளுங்க.

அதே ரியோல உயரம் தாண்டுதல்ல நம்ம சேலம் மாரியப்பன் தங்கம், வருண் சிங் பாட்டி வெண்கலம். ரெண்டு பேருக்கும் கோச் ஒருத்தரே, நம்ம பெங்களூரு சத்யநாராயணா. மாரியப்பன் ரியோல 1.89 மீட்டர் தங்கம், டோக்கியோல 1.86 வெள்ளி, பாரிஸ்ல 1.85 வெண்கலம். மூணு கலருக்கும் நடுவுல மொத்தமே நாலு சென்டிமீட்டர்!

மொத்தத்துல இந்தியாவுக்கு டோக்கியோல 19 மெடல், பாரிஸ்ல 29. அந்த 29ல பேட்மின்டன் வெண்கலம் ஒண்ணு, பெங்களூரு பக்கம் எல்லையில இருக்கற அத்திபெலே தாண்டினா வர்ற ஓசூர் பொண்ணு நித்யஸ்ரீ சிவனோடது. அவங்களுக்குத் தனி வீடியோ வேணும்னா "ஓசூர்"னு கமெண்ட் போடுங்க. அத்திபெலே டிராஃபிக்ல நிக்கிறவங்க பத்து தடவைகூட போடலாம், வண்டி நகராது!